மூளை கேட்டோம், கண் கிடைத்தது

லேப்டாப்பில் விரலை வைத்துத் தேய்க்கிறோமே, அந்த டச்பேடை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த நிறுவனங்களில் சினாப்டிக்ஸும் ஒன்று. 1986-ல் அதை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஃபெடெரிகோ ஃபாஜின். இன்டெலின் 4004 மைக்ரோபிராசசரை வடிவமைத்த குழுவை முன்னின்று நடத்தியவர். இன்னொருவர் கால்டெக் பேராசிரியர் கார்வர் மீட். சிப் வடிவமைப்பைக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கக்கூடிய ஒரு பாடமாக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பேருமே டச்பேட் செய்வதற்காகக் கடை திறக்கவில்லை. நரம்பு மண்டலம் மாதிரி வேலை செய்யும் சிப் செய்து விற்பதுதான் திட்டம். அதற்குப் பெரிய சந்தை அமையவில்லை. விரல் எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிக்கிற சின்னப் பலகைதான் பிறகு நன்றாக விற்றது.

மவுஸின் கதையும் ஏறக்குறைய இதேதான். 1980-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்ட் லியான் ஓர் ஆப்டிகல் மவுஸ் சிப் வடிவமைத்தார். அதில் ஓர் ஒளி உணரி விழித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவற்றை அடக்கிவிடும். விழித்திரையில் செல்கள் ஒன்றையொன்று அடக்குகிற அதே ஏற்பாடு. பிறகு இதே லியான் மீடுடன் சேர்ந்து 1988-ல் காதின் நத்தை எலும்பைப் போல ஒலியைப் பிரிக்கும் சிப் ஒன்றும் செய்தார்.

மூளை வழிக் கணினி என்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் நியூரோமார்ஃபிக் துறையை நான் பார்க்கும் பார்வை இந்தக் கதைகளிலேயே இருக்கிறது. நாற்பது வருடமாக அவர்கள் மூளை தருவதாகச் சொல்கிறார்கள். நம் கைக்கு வந்து சேர்வதெல்லாம் தோல், காது, கண். குறிப்பாகக் கண். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தேவைப்பட்டது கண்தான்.

நான் கோவையில் தொழிற்சாலைகளுக்குக் கேமரா பொருத்தும் வேலையில் இருப்பவன். பம்ப், மோட்டார், வார்ப்படம், நூற்பாலை என்று எதுவும் விலக்கில்லை. பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒருநாள் போனை நீட்டினார். மூளை மாதிரி வேலை செய்யும் சிப்புகளைக் கோத்து இன்டெல் செய்த ஹாலா பாயின்ட் என்ற பெரிய கணினி பற்றிய செய்தி. “அண்ணா, இதெல்லாம் நிஜமா வேலைக்கு ஆகுமா, இல்ல சும்மா பேப்பர் போடுறதுக்கா?” என்றார். நியாயமான கேள்வி. டீ குடித்துக்கொண்டே சொன்ன பதில் சரியாக வரவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இப்படி ஒரு ஆசை ஏன் வந்தது என்று பார்ப்போம். மனித மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது. அதில் 8,600 கோடி நியூரான்கள். நம் கணினிகள் ஏன் இவ்வளவு மின்சாரம் தின்கின்றன என்று கேட்டால், கணக்குப் போடுவதற்காக அல்ல என்பதுதான் விடை. 2014-ல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் ஒரு மாநாட்டில் காட்டிய எண்களை இந்தத் துறைக்காரர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்ட 0.1 பிக்கோஜூல் போதும் (பிக்கோஜூல் என்பது ஒரு ஜூல் ஆற்றலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). தசம எண்களைப் பெருக்க 4 பிக்கோஜூலுக்குள். ஆனால் வெளியே இருக்கும் டிரேம் நினைவகத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வர 1,300 முதல் 2,600 பிக்கோஜூல். ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய்வந்து சமைப்பது மாதிரி. சமையலுக்கு ஆகும் காஸைவிட ஸ்கூட்டருக்கு ஊற்றும் பெட்ரோல்தான் அதிகம்.

மூளையில் நினைவகம் தனி, கணக்கு தனி என்ற பிரிவினை கிடையாது. நியூரான்களை இணைக்கும் சினாப்ஸே நினைவு, அதுவே கணக்கும். இரண்டாவது சிக்கனம், சொல்ல ஏதாவது இருந்தால்தான் நியூரான் பேசும். ஸ்பைக் என்கிற ஒரு சிறு மின்துடிப்பு, அவ்வளவுதான். மீட் 1980களின் இறுதியில் பிடித்துக்கொண்டது இந்த இரண்டு விஷயங்களையும்தான். டிரான்சிஸ்டரை வெறும் ஆன், ஆஃப் சுவிட்சாக மட்டும் பயன்படுத்தாமல், அதன் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டத்தையே கணக்குக்குப் பயன்படுத்தலாம் என்றார்.

ஆனால் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த உருப்படியான உறுப்புகளில் ஒன்றைச் செய்தவர் அவருடைய மாணவி மிஷா மஹோவால்ட். உயிரியல் படித்துவிட்டு சிப் பக்கம் வந்தவர். அவர் செய்த சிலிக்கான் விழித்திரை 1991-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வெளியானது. விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் பத்து லட்சம். சிப்பில் பத்து லட்சம் கம்பி இழுக்க முடியாது. அதற்கு மஹோவால்ட் சொன்ன வழி, எந்தப் பிக்சல் துடித்ததோ அதன் முகவரியை மட்டும் ஒரே கம்பியில் அனுப்புவது. துடித்த நேரமே அதன் செய்தி. ஸ்பைக்கில் பேசும் சிப்புகளும் கேமராக்களும் இன்றைக்கும் இந்த வழியில்தான் பேசிக்கொள்கின்றன. மஹோவால்ட் 1996-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் கடைசியாக வேலை செய்த சூரிச் நகரில் அந்தக் கண் வளர்ந்தது. அங்கே பாட்ரிக் லிக்ஸ்டெய்னர், கிறிஸ்டோஃப் போஷ், டோபி டெல்ப்ரூக் ஆகியோர் 128க்கு 128 பிக்சல் கொண்ட சென்சார் ஒன்றை 2008-ல் விரிவாக வெளியிட்டார்கள். இப்போது ஈவென்ட் கேமரா என்று விற்கப்படுபவை எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

அந்தக் கேமராவில் படம் என்று ஒன்றும் கிடையாது. சாதாரணக் கேமரா நொடிக்கு 30 முறையோ 60 முறையோ எல்லாப் பிக்சலையும் வரிசையாகப் படித்து அனுப்பும். எதிரே வெறும் சுவர் இருந்தாலும் அதே சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஈவென்ட் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் தன் மேல் விழும் வெளிச்சத்தைத் தானே கவனித்துக்கொள்கிறது. வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ உடனே ஒரு வரி அனுப்பும். அதில் தன் இடம், நேரம், கூடியதா குறைந்ததா என்ற மூன்று தகவல் மட்டும். மாறாத பிக்சல் வாயே திறக்காது. 2008 சென்சாரிலேயே இந்தப் பதில் 15 மைக்ரோநொடியில் வந்தது. விகிதத்தைத்தான் பார்க்கிறது என்பதால் கொளுத்தும் வெயிலும் இருட்டு மூலையும் ஒரே காட்சியில் இருந்தாலும் தடுமாறாது.

நண்பர் வேலை செய்யும் கல்லூரி ஆய்வகத்தில் இப்படி ஒரு கேமரா சும்மா கிடந்தது. கெஞ்சி வாங்கிவந்து மேசையில் பொருத்தினேன். அசையாமல் எதிரே உட்கார்ந்தால் திரையில் ஆளே இல்லை. சாம்பல் நிறப் பின்னணியில் அங்கங்கே தவறுதலாகச் சில புள்ளிகள் மினுக்குகின்றன, அவ்வளவுதான். கண் சிமிட்டினால் இரண்டு இமைகள் மட்டும் தோன்றி மறைகின்றன. தலையைத் திருப்பினால் மூக்கும் கன்னமும் கோட்டோவியமாக எழுந்து, நிறுத்தியதும் கரைந்துவிடுகின்றன. சரி, நன்றாக இருக்கிறதே என்று அறை விளக்கைப் போட்டேன். திரை முழுக்கப் புள்ளிகள் கொப்பளித்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட்டில் கஞ்சத்தனம் செய்த மலிவு எல்இடி நொடிக்கு 100 முறை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கண்ணுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பேட்டரி விளக்கு ஒன்றைத் தேடிப் பிடித்தபிறகுதான் வேலை நகர்ந்தது. எந்தக் கடையில் வாங்கிய பல்பு யோக்கியமானது என்று சோதிக்க இதைவிட நல்ல கருவி இல்லை என்பது உபரித் தகவல்.

அப்புறம் மோட்டார். பட்டறையில் சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த மோனோபிளாக் பம்ப் ஒன்றின் ஷாஃப்டில் ஒயிட்னரால் ஒரு பொட்டு வைத்தேன். நிமிடத்துக்கு 2,880 சுற்று என்று பெயர்ப்பலகையில் இருந்தது. அப்படியானால் நொடிக்கு 48 சுற்று, ஒரு சுற்றுக்கு 20.8 மில்லிநொடி. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் அந்தப் பொட்டு ஒரு வெள்ளைப் பூச்சாக இழுபடும். ஈவென்ட் கேமராவிலோ ஒரு பிக்சலைத் தேர்ந்தெடுத்து அது துடித்த நேரங்களை மட்டும் பட்டியல் போட்டால் போதும். பொட்டு வரும்போது ஒரு கொத்து, போகும்போது ஒரு கொத்து, அடுத்த கொத்து 20 மில்லிநொடியும் சொச்சமும் கழித்து. பம்ப் இழுக்கும் சுமையைக் கூட்டினால் இடைவெளி கொஞ்சம் நீள்வது கண்ணெதிரே தெரிகிறது. அந்த எக்ஸெல் பட்டியலை உட்கார்ந்து ரசித்தேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். நல்ல வெளிச்சமும் கூர்மையான விளிம்பும் இருந்தால் மோட்டார் உடல் நடுங்குவதைக்கூட இப்படித் தூரத்திலிருந்தே அளக்கலாம். சென்சார் ஒட்ட வேண்டாம், ஓடும் இயந்திரத்தில் கை வைக்க வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சோதனை எதற்கும் மூளை சிப் எதையும் நான் பயன்படுத்தவில்லை. பழைய லேப்டாப் போதுமானதாக இருந்தது. கண்ணே பாதி வேலையைச் செய்துவிட்டதால் பின்னால் இருப்பவருக்குச் சிரமம் இல்லை.

இந்தக் கண் போய்ச் சேர்ந்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மனிதரின் கண்தான். 2021 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் ஹோசே-அலென் சாஹேல், போடொண்ட் ரோஸ்கா ஆகியோரின் குழு எழுதியது. விழித்திரை மெல்லச் சிதையும் பரம்பரை நோயால் பார்வை இழந்த 58 வயதுக்காரர். நோய் கண்டுபிடிக்கப்பட்டு நாற்பது வருடம் ஆகிவிட்டது. ஒளி வாங்கும் செல்கள் போய்விட்டாலும், மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புச் செல்கள் மிச்சம் இருந்தன. பாசியில் உள்ள ஒளி உணர் புரதம் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட மரபணுவை ஒரு கண்ணில் அந்தச் செல்களுக்குள் செலுத்தினார்கள். அவை இப்போது அம்பர் நிற ஒளிக்கு அசையும். ஆனால் சாதாரண வெளிச்சம் அவற்றுக்குப் போதாது. அதோடு, விழித்திரையின் முன்வரிசைச் செல்கள் செய்து தரவேண்டிய வேலையைச் செய்யவும் ஆள் இல்லை. அந்த இடத்தில் ஒரு கண்ணாடியை மாட்டினார்கள். அதில் இருந்தது பிக்சல் பிக்சலாக மாற்றத்தை மட்டும் பார்க்கும் நியூரோமார்ஃபிக் கேமரா. அது தருவதை அம்பர் ஒளியாக்கி விழித்திரை மேல் பாய்ச்சினார்கள். கண்ணாடி போட்டுப் பல மாதம் பயிற்சி எடுத்தபின், மேசைமேல் இருந்த நோட்டுப்புத்தகத்தை அவர் பெரும்பாலான சோதனைகளில் சரியாகத் தொட்டார். சின்ன ஸ்டேப்ளர் பின் பெட்டி என்றால் தவறுவதே அதிகம். கண்ணாடி இல்லாமல் எதுவும் முடியவில்லை. தெருவில் பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள் தெரிவதாகவும் சொன்னார்.

விழித்திரையைப் பார்த்துக் காப்பியடித்த சிப், முப்பது வருடம் கழித்து விழித்திரையின் வேலையையே கொஞ்சம் எடுத்துச் செய்கிறது. ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு கண், முகங்கள் தெரிகிற அளவுக்கு இல்லை. இதெல்லாம் நினைவில் இருந்தாலும் அந்தக் கட்டுரையை நான் சாதாரணமாகப் படித்து மூடிவிட முடியவில்லை.

சரி, மூளைப் பக்கம் என்ன நடக்கிறது? அங்கே எண்கள் பிரம்மாண்டமானவை. 2014-ல் ஐபிஎம்மின் ட்ரூநார்த் சிப். 540 கோடி டிரான்சிஸ்டர், பத்து லட்சம் நியூரான், சுமார் 70 மில்லிவாட். 2017-ல் இன்டெலின் லோய்ஹி, 2021-ல் அதன் இரண்டாம் பதிப்பு. மான்செஸ்டரில், ஏஆர்எம் பிராசசரின் மூலவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர் பத்து லட்சம் ஏஆர்எம் கோர்களைக் கோத்து 2018-ல் முழுமையாக இயக்கிய ஸ்பின்னேக்கர். 2024-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்துக்குப் போன ஹாலா பாயின்ட். அதில் 1,152 லோய்ஹி 2 சிப்புகள், 115 கோடி நியூரான்கள், அதிகபட்சம் 2,600 வாட். இவற்றில் எதையும் நானோ நீங்களோ கடையில் வாங்க முடியாது. ஆய்வகங்களுக்கு ஒப்பந்தத்தில் கிடைக்கும்.

தடை எங்கே என்றால், பயிற்சியில். இன்றைய செயற்கை நுண்ணறிவு முழுக்க, பிழையை அளந்து, எந்தப் பக்கம் திருத்தினால் அது குறையும் என்று காட்டும் சரிவைப் பிடித்துப் பின்னோக்கி வந்து திருத்துகிற முறையில் நிற்கிறது. ஸ்பைக் என்பது உண்டு, இல்லை இரண்டே நிலை. அதில் பிடிக்கச் சரிவு கிடையாது. பொய்யாக ஒரு சரிவை ஒட்டவைத்துப் பயிற்சி தரும் தந்திரங்கள் வந்துவிட்டன, வேலையும் செய்கின்றன. ஆனால் அந்தப் பயிற்சி ஓடுவது என்னவோ என்விடியா ஜிபியு என்கிற வழக்கமான கிராஃபிக்ஸ் சிப்பில்தான். இன்டெலின் ஆட்களே 2021-ல் தங்கள் அனுபவத்தைத் தொகுத்து எழுதியபோது ஒளிக்காமல் சொன்னார்கள்: வழக்கமான நெட்வொர்க்குகளைக் கொண்டுவந்து லோய்ஹியில் ஏற்றினால் பெரிய லாபம் இல்லை. காலப்போக்கில் ஓடும், தன்னிடமே திரும்பிவரும் வகைக் கணக்குகளில்தான் லாபம். ஒரு படத்தில் இருப்பது பூனையா நாயா என்று கேட்பதற்கு மூளை சிப் தேவையில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஐபிஎம் ஒருபடி மேலே போய் ஸ்பைக்கையே கைவிட்டது. ட்ரூநார்த்தை முன்னின்று செய்த தர்மேந்திர மோதாவே 2023-ல் கொண்டுவந்த நார்த்போல் சிப்பில் ஸ்பைக் இல்லை. நினைவகத்தைக் கணக்குக்குப் பக்கத்திலேயே வைப்பது என்ற மூளைப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதே தலைமுறை ஜிபியுவைவிடப் படம் அடையாளம் காண்பதில் ஒரு வாட்டுக்கு 25 மடங்கு வேலை என்று காட்டினார்கள். ஸ்பைக் பக்தர்களுக்கு இது துரோகமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பறவையைப் பார்த்து விமானம் செய்தவன் சிறகடிப்பதை விட்டுவிட்டான் என்று யாரும் வருத்தப்படுவதில்லை.

கண்ணும் மூளையும் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்த உதாரணம் ஒன்று கேட்டால் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் டிரோனைச் சொல்வேன். 2024-ல் சயின்ஸ் ரோபாட்டிக்ஸ் இதழில் வந்தது. ஈவென்ட் கேமரா கீழே தரையைப் பார்க்கிறது. 28,800 நியூரான் கொண்ட நெட்வொர்க் லோய்ஹி சிப்பில் உட்கார்ந்து, தரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணித்து, நொடிக்கு 200 தடவை பறப்பதற்கான கட்டளை தருகிறது. நெட்வொர்க் ஓடுவதற்குக் கூடுதலாக ஆகும் மின்சாரம் 7 முதல் 12 மில்லிவாட் மட்டுமே. செய்திகளில் இந்த எண்தான் தலைப்பு. சிப் சும்மா விழித்திருக்கவே 0.94 வாட் ஆகிறது என்பதையும் அவர்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். மின்சிக்கனம் பற்றி யார் என்ன எண் சொன்னாலும், சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. பம்ப் விற்பவர்களிடம் பழகிய புத்தி.

மூக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2020-ல் இன்டெலும் கார்னெல் பல்கலைக்கழகமும் 10 ரசாயனங்களின் வாடையை லோய்ஹிக்குப் பழக்கின. அது ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருந்த 72 சென்சார் தரவு. எரிவாயு கசியும் அறையில் தொங்கவிட்டுப் பார்த்ததல்ல. பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழு 2024-ல் நேச்சரில் வெளியிட்ட மூலக்கூறுப் படலம் இன்னொரு வகை. ஒரே உறுப்பில் 16,500 வெவ்வேறு மின்கடத்து நிலைகளைப் பதிக்க முடிகிறது, அங்கேயே கணக்கும் போட முடிகிறது. அறிவியலாக அசத்தல். ஆய்வக மேசையிலிருந்து தொழிற்சாலைச் சிப்புக்கு வரும் பாதையில் இதற்கு முன் பலர் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் நான் பொறுமையாகக் காத்திருப்பேன்.

மாணவரிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன். “தம்பி, மூளை சிப் கிடைக்கட்டும்னு உட்காராதீங்க. ஐபிஎம் 2017-ல 29 பேரை வெச்சு 11 கைச்சைகையை ஈவென்ட் கேமராவுல பதிஞ்சு பொதுவுல வெச்சிருக்கு. அதை இறக்கி உங்க லேப்டாப்லயே ஓட்டிப் பாருங்க. நேரத்தோட வர்ற தரவு எப்படி இருக்கும்னு கை பழகிடும்.” இரண்டு நாளில் ஓட்டிவிட்டார். கைதட்டலையும் வட்டமடிப்பதையும் அவருடைய நிரல் சரியாகப் பிரித்துச் சொல்கிறது.

விலைதான் இன்னும் உறுத்துகிறது. சோனி தன் ஆலையில் 1280க்கு 720 பிக்சல் ஈவென்ட் சென்சார் செய்கிறது. பாரிஸின் புரொஃபெஸீ 2023-ல் 320க்கு 320 பிக்சலில், தூங்கும் நிலையில் 36 மைக்ரோவாட் மட்டும் இழுக்கும் குட்டி சென்சார் ஒன்றை அறிவித்தது. ஆனாலும் தொழிற்சாலைக்கான கேமராவாக வாங்கும்போது நான் வழக்கமாகப் பொருத்துவதைவிடப் பல மடங்கு ஆகிறது. நூற்பாலை மேனேஜர் ஒருவரிடம் ரிங் ஃபிரேம் என்கிற நூற்கும் இயந்திரத்தில் நூல் அறுவதைப் பிடிக்க இதைக் காட்டினேன். ஒரு ஃபிரேமில் நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஆயிரத்துக்கு மேல். வரிசையாகக் கேமரா வைக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “மேல ரயில் போட்டு ஒரே கேமராவை ஓட்ட முடியாதுங்களா?” என்று கேட்டார்.

நல்ல யோசனைதான். ஆனால் கேமரா நகர்ந்தால் இந்தக் கண்ணுக்கு எல்லாமே மாற்றம். சுவர், தூண், ஓடாத ஸ்பிண்டில், எல்லாம் ஒன்றாகக் கத்தும். நான் நகர்வதால் தெரிவது எது, நூல் அறுந்ததால் தெரிவது எது என்று பிரிக்க வேண்டும். நாம் நடந்துகொண்டே பார்க்கும்போது நம் மூளை நமக்குத் தெரியாமலேயே செய்துதருகிற வேலை அது. டெல்ஃப்ட் டிரோன் செய்வதற்கு அண்ணன் தம்பி முறை. இப்போதைக்கு அந்தப் பிரிப்பை ஒரு ஜிபியு பெட்டியில் ஓட்டுகிறேன். கணக்கு வருகிறது, ஆனால் பெட்டிக்குக் காற்று வேண்டும். மில் காற்றில் பறக்கும் பஞ்சு அதன் விசிறியை அடைத்து, சூடேறி, பெட்டி தானே அணைந்துவிடுகிறது. விசிறியே தேவைப்படாத சிப் ஒன்று கடையில் விலைக்கு வந்தால், அன்றைக்கு அந்த மேனேஜரிடம் கொட்டேஷன் கொடுப்பேன்.